கோவளம் கோட்டையும் கண்ணியமும்

விருந்தினரைக் கண்ணியப்படுத்துமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாமோ கண்ணியம் என்னும் சொல்லைப் பட்டங்களுக்கு அடைமொழியாகவே மிகுதியும் வழங்குகிறோம். மாமல்லபுரத்திற்கு வடக்கே, கோவளத்தில் நவாப் அன்வருத்தீன் கான் கட்டிய கோட்டையொன்று இருந்தது. 1750இல் அங்கே நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பலினர், தம் மாலுமிகள் நோயால் மடிவதாக முறையிட்டனர். நவாபின் அதிகாரி 30 பேருக்குக் கோட்டைக்குள் இடமளித்தார். உடைக்குள் கைத்துப்பாக்கிகளை மறைத்துவந்த அவ்விருந்தினர், இரவில் எழுந்து கோட்டையைக் கைப்பற்றினர்.

அதிகாரி பொருள் கருதியே இடமளித்தார் என்கிறார் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அவருடைய உள்ளக்கிடக்கை இவருக்கு எவ்வாறு தெரிந்ததோ! நம் நோக்கில், கண்ணியம் கதவு திறந்தவர் பக்கமே நின்றது.

1752இல் கிளைவ் கோவளத்தை முற்றுகையிட்டார். வான்கோழிகளையும் மூக்குப்பொடியையும் உடன்கொண்டுபோக அனுமதி பெற்றுக் கோட்டைத் தலைவர் சரணடைந்தார். அவை அவருடைய வணிகச் சரக்குகளாம். அதே ஆண்டு செங்கல்பட்டுக் கோட்டையை ஒப்படைத்த பிரெஞ்சுப் படையினர், போர் மரியாதைகளுடன் வெளியேறினர். இச்சடங்கிற்கும் ஆங்கிலத்தில் கண்ணியம் என்னும் சொல்லே வழங்குகிறது.