சாதாரண மார்மோசெட்டின் வாழ்நாளும் முதுமையும்

சாதாரண மார்மோசெட் (உயிரியல் பெயர்: கலித்ரிக்சு சாக்கசு) வடகிழக்கு பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறிய குரங்கினம் ஆகும். 1758 ஆம் ஆண்டில் கார்ல் லின்னேயசு இதனை அறிவியல் முறைப்படி விவரித்தார். விரைவாக வளர்வதும், அடிக்கடி இரட்டைக் குட்டிகளை ஈனுவதும், விரைவாக மூப்படைவதும் இதன் வாழ்க்கையின் சிறப்பியல்புகளாகும். குரங்குகளுள் மிகக் குறுகிய வாழ்நாள் கொண்டவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், முதுமை பற்றிய ஆய்வுகளில் இது முக்கிய இடம் பெறுகிறது.

உடலமைப்பும் உணவும்

வளர்ந்த குரங்கின் எடை ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். உடலின் நீளம் ஏறத்தாழ 19 செ.மீ.; வால் உடலைவிட நீளமானது. காதோரங்களில் வெண்ணிற மயிர்க்கற்றைகள் காணப்படும். மரப்பட்டையைக் கீழ்முன்பற்களால் துளைத்து, கசியும் பிசினை உண்கிறது. பழங்களும் பூச்சிகளும் குறையும் வறண்ட காலத்திலும் பிசின் கிடைப்பதால், வறட்சி மிகுந்த காட்டிங்கா புதர்க்காடுகளிலும் இது வாழ்கிறது.

பிறப்பும் வளர்ப்பும்

சினைக்காலம் ஏறத்தாழ 144 நாட்கள். பெரும்பாலான குரங்கினங்கள் ஒரு குட்டியை ஈன, மார்மோசெட் வழக்கமாக இரு கருமுட்டைகளிலிருந்து உருவாகும் இரட்டையரை ஈனுகிறது. குட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 30 கிராம். அதாவது, இரு குட்டிகளும் சேர்ந்து தாயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும். இது 54 கிலோ எடையுள்ள ஒரு பெண் 9 கிலோ எடையுள்ள இரட்டையரைப் பெறுவதற்கு ஒப்பாகும்.

ஈன்ற இரு வாரங்களுக்குள் தாய் மீண்டும் சினையுறக்கூடும். ஆகவே ஆண்டுக்கு இருமுறை ஈனுவது இயல்பு. பாலூட்டிக்கொண்டே அடுத்த சினையையும் சுமக்கும் தாயால் தனித்துக் குட்டிகளை வளர்க்க இயலாது. தந்தையும் மூத்த பிள்ளைகளும் குட்டிகளை முதுகில் சுமந்து, உணவும் பகிர்ந்தளிக்கின்றன.

கருப்பையில் இரட்டையரின் குருதிக்குழாய்கள் இணைவதால், ஒன்றின் குருதி உயிரணுக்கள் மற்றொன்றின் உடலில் தங்கி வாழ்நாள் முழுவதும் நிலைக்கின்றன.

வாழ்க்கைப் பருவங்கள்

* பால்குடிப் பருவம்: பிறப்பு முதல் ஏறத்தாழ 3 மாதம் வரை
* பருவமடைதல்: ஏறத்தாழ 12 முதல் 15 மாதம் வரை
* முழு வளர்ச்சி: 18 முதல் 24 மாதத்திற்குள்
* முதுமை: ஏறத்தாழ 8 வயது முதல்

பருவமடைந்த எல்லாப் பெண்குரங்குகளும் ஈனுவதில்லை. பொதுவாகக் கூட்டத்தின் தலைமைப் பெண்குரங்கே ஈனுகிறது. அதற்குக் கீழ்ப்பட்ட பெண்குரங்குகளில் கருமுட்டை வெளிப்படுவதே பெரும்பாலும் தடைப்படுகிறது.

வாழ்நாள்

வளர்ப்பிடங்களில் முழு வளர்ச்சி அடைந்தவை சராசரியாக 5 முதல் 7 ஆண்டுகள் வாழ்கின்றன. மிகச் சில 16 ஆண்டுகளையும் கடந்துள்ளன. சராசரி வாழ்நாளும் உச்ச வாழ்நாளும் வெவ்வேறானவை என்பதைக் கவனிக்க வேண்டும். உச்ச வாழ்நாள் ஓர் இனத்தின் உடல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. சராசரியோ நோய், உணவு, பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. வளர்ப்பு மார்மோசெட்டுகள் பல, முதுமையால் அன்றி, நாட்பட்ட குடல் அழற்சியாலும் உடல் மெலிவு நோயாலும் இறக்கின்றன. இவற்றுக்கு உயிர்ச்சத்து டி3 மிகுதியாகத் தேவை. அது குறைந்தால் எலும்புகள் நலிவடையும். எனவே சராசரியை மட்டும் கொண்டு "இவ்வினம் ஏழு ஆண்டுகளே வாழும்" எனக் கொள்வது பிழையாகும்.

முதுமையின் அறிகுறிகள்

வயது முதிரும்போது தசை குறைகிறது, அசைவு மெதுவாகிறது. சிறுநீரக நோய், புற்றுநோய், உறுப்புகளில் அமிலாய்டு எனும் புரதம் படிதல் ஆகியவை மிகுகின்றன. ஏழு வயதுக்கு மேற்பட்ட சிலவற்றின் மூளையில் பீட்டா அமிலாய்டு படிவுகள் காணப்பட்டுள்ளன. மனிதரின் ஆல்சைமர் நோயிலும் இத்தகைய படிவுகள் உண்டு. எனினும் இதனைக் கொண்டு மார்மோசெட்டுகளுக்கு அந்நோய் வருகிறது எனக் கூற இயலாது.

ஆய்வில் பயன்பாடு

ரீசசு குரங்கு 25 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அதன் வாழ்நாளை முழுமையாகத் தொடர, ஓர் ஆய்வாளரின் பணிக்காலமே போதாமற் போகலாம். எலியோ இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிறது. மனிதனுக்கு நெருங்கிய உறவும் அன்று. இவ்விரண்டிற்கும் இடையே மார்மோசெட் அமைகிறது. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இராபமைசின் மருந்து இவற்றின் முதுமையை மாற்றுமா என ஆராயப்பட்டுள்ளது. 2009 ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள், புகுத்தப்பட்ட ஒளிரும் புரத மரபணு மார்மோசெட்டின் அடுத்த தலைமுறைக்கும் செல்வதைக் காட்டினர்.

சூழலியல் தாக்கம்

தாயகத்தில் இவ்வினம் அழியும் நிலையில் இல்லை. ஆனால் வளர்ப்பு விலங்காகக் கொண்டுசெல்லப்பட்டுத் தென்கிழக்கு பிரேசிலில் விடப்பட்டவை அங்கு விரைவாகப் பெருகியுள்ளன. அவை அப்பகுதிக்கே உரிய, அழியும் நிலையிலுள்ள கலித்ரிக்சு ஆரிட்டா இனத்துடன் கலப்புற்று, அதன் தனித்தன்மைக்கு ஊறு விளைவிக்கின்றன. வறண்ட நிலத்தில் இவ்வினத்தைக் காத்த விரைவான இனப்பெருக்கமே, பிற காடுகளில் மற்றோர் இனத்திற்கு அச்சுறுத்தலாகியுள்ளது.