மந்திரித்த பதக்கம்: கரம்பொன், ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க மரபில்

கிறிஸ்து, மரியாள் அல்லது புனிதர் ஒருவரின் உருவம் பொறித்து, குருவானவர் ஆசீர்வதித்த சிறு உலோக வில்லை. சங்கிலியிலோ நூலிலோ கோத்துக் கழுத்தில் அணிவர், செபமாலையிலும் சேர்ப்பர். திருச்சபை இதைத் தீர்த்தம், உத்தரியம், குருத்தோலை ஆகியவற்றோடு அருள்வேண்டற்குறிகளில் ஒன்றாகக் கொள்கிறது.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னிலும் அயலிலுள்ள ஊர்காவற்றுறையிலும் இத்தகைய பொருள்களுக்குள்ள மதிப்பு, ஒல்லாந்தர் காலத்தை அறிந்தால்தான் விளங்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களை விரட்டினர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் அடிகளுக்கு யார் கத்தோலிக்கர் என்று தெரியாது, கேட்கவும் முடியாது. செபமாலையைக் கழுத்திலே வெளித்தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்த மாலையை இனங்கண்டவர்கள் வழியாகவே மறைந்திருந்த சபை அவருக்குத் திறந்தது. கழுத்தில் அணியும் சிறு பொருள் ஒரு சமூகத்தையே மீட்டுத் தந்த நிகழ்ச்சி இது. ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1806இல் இந்தத் தடைகளை நீக்கினர். வாஸ் அடிகள் 2015இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பதக்கங்களை மந்திரித்துப் பலன்களை (பாவத்துக்குரிய தண்டனைக் குறைப்பை) இணைக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் பத்திநாதர் காலத்தில் வேரூன்றியது. உலகெங்கும் மிகப் பரவியது அற்புதப் பதக்கமே. 1830 நவம்பர் 27இல் பாரிசில் கத்தரீன் லபூரே என்ற இளந்துறவி கண்ட காட்சிப்படி 1832இல் அது வார்க்கப்பட்டது. அவ்வாண்டு அந்நகரில் வாந்திபேதி பரவியபோது நோயாளிகளிடையே பகிரப்பட்டது. முன்புறம், உருண்டை உலகின்மீது பாம்பை மிதித்து நிற்கும் மரியாள். விரித்த கைகளிலிருந்து கதிர்கள் பாய்கின்றன. பின்புறம், சிலுவை தாங்கிய M எழுத்து, அதன்கீழ் முட்கள் சூழ்ந்த இதயமும் வாள் ஊடுருவிய இதயமும், சுற்றிலும் 12 விண்மீன்கள். இப்பதக்கம் போற்றும் மரியாளின் அமலோற்பவத்தைப் பெயரிலேயே தாங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கைக்கு வந்து, பின்னர் யாழ்ப்பாண மறைப்பணியை ஏற்றனர். கழுத்தில் அணியும் துணி உத்தரியத்துக்குப் பதிலாகப் பதக்கம் அணிய 1910இல் பத்தாம் பத்திநாதர் அனுமதித்தார். வியர்வையில் நனைந்து துணி இற்றுப்போகும் எங்கள் வெப்பக் கரையோரங்களுக்கு இது பேருதவி.

மந்திரித்த பதக்கத்தை விற்றால் அதனோடு இணைந்த பலன் நீங்கிவிடும் என்பது விதி. அதனால் திருவிழாக் கடைகளில் மந்திரிக்காததையே வாங்கி, "இதை மந்திரிச்சுத் தாங்கோ, சுவாமி" என்று குருவானவரிடம் நீட்டுவார்கள். பாப்பரசரோ ஆயரோ மந்திரித்த பதக்கத்தைப் புனித பேதுரு, பவுல் திருநாளான ஜூன் 29இல் பக்தியோடு பயன்படுத்தி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர், பாவசங்கீர்த்தனம், நற்கருணை முதலிய வழக்கமான நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், பரிபூரண பலன் பெறலாம்.

பதக்கத்தைத் தாயத்தாக எண்ணுவது பெரும் பிழை. தாயத்து கட்டியவருடைய நடத்தையைக் கேட்பதில்லை. பதக்கமோ திருச்சபையின் மன்றாட்டாலும் அணிபவரின் விசுவாசத்தாலுமே பயன் தருவது. தேய்ந்து உடைந்ததைக் குப்பையில் எறிவதில்லை. உருக்குவர் அல்லது நிலத்தில் புதைப்பர்.