மிதக்கும் ஸ்கிரீட்டும் அளவான அதிர்வும்

தார்ச்சாலை போடும் பேவர் இயந்திரத்தின் வரலாறு பெரும்பாலும் வேகம், அகலம், குதிரைத்திறன் ஆகியவற்றின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. இயந்திரத்தின் பின்னால் சூடான கலவையின் மேல் படிந்து வரும் ஸ்கிரீட் என்ற கனத்த இரும்புத் தகடு எவ்வளவு அதிர வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. ஆனால் சாலையின் மட்டமும் ஆயுளும் பெரிதும் அந்தக் கேள்விக்கான விடையைச் சார்ந்தவை. அதிர்வைக் கூட்டிக்கொண்டே போனதை முன்னேற்றம் என்று எண்ணுவது தவறு. கலவைக்கும் தடிமனுக்கும் வேகத்துக்கும் ஏற்ப அதை அளவாக வைக்கக் கற்றதுதான் இந்தத் தொழிலின் உண்மையான முன்னேற்றம் என்பதே இங்கு நான் நிறுவ முயலும் கருத்து.

இயந்திரம் வருவதற்கு முன் தார்ச்சாலையின் மட்டம் தொழிலாளியின் கையில் இருந்தது. பெல்ஜியத்தில் பிறந்த வேதியியலாளர் எட்மண்ட் டி ஸ்மெட் 1870-ல் அமெரிக்காவின் நியூவர்க் நகரில் தார்ச்சாலை போட்டார். 1876-ல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் ட்ரினிடாட் தீவின் இயற்கைத் தார் விரிக்கப்பட்டது. அந்த நாட்களில் வண்டியில் வந்த கலவையை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டி, வாரியால் பரப்பி, பிறகு ரோலர் ஓட்டினார்கள். வாரி பிடித்தவரின் கண் தவறினால் அங்கே மேடோ பள்ளமோ விழும். கான்கிரீட் சாலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இருபுறமும் இரும்புச் சட்டங்களை நட்டு, அவற்றின் மேல் மட்டப்பலகையை இழுத்தால் போதும். சட்டத்தின் மட்டமே சாலையின் மட்டம். தார்ச்சாலைக்கு அப்படிச் சட்டம் நட்டு வேலை செய்வது செலவும் தாமதமும் மிகுந்தது. கூடவே, சட்டத்தின் மேல் ஓடும் பலகை கலவையை மட்டமாக வழித்துவிடுமே தவிர, உள்ளே எல்லா இடத்திலும் ஒரே செறிவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தது இல்லினாய் மாநிலத்தின் அரோரா ஊரில் இருந்த பார்பர்-கிரீன் நிறுவனம். ஹாரி பார்பரும் வில்லியம் கிரீனும் 1916-ல் தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் சாலை இயந்திரமே செய்யவில்லை. நிலக்கரியும் மணலும் ஏற்றி இறக்கும் கன்வேயர்களையும் லோடர்களையும் செய்தது. 1929-ல் சிகாகோவின் ஒரு சோதனைக்கூடம் அந்த லோடர்களைத் தார்ச்சாலை வேலைக்குப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டு அணுகியது. கலப்பதையும் விரிப்பதையும் ஒரே இயந்திரத்தில் செய்யும் முதல் முயற்சி சரிவராமல் போக, இரண்டையும் பிரித்தார்கள். 1933-ல் மிதக்கும் ஸ்கிரீட் பிறந்தது. 1936 ஏப்ரலில் பார்பர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1938 டிசம்பரில் அது கிடைத்தது. இன்று உலகெங்கும் ஓடும் பேவர்களின் அடிப்படை அமைப்பு அதில் விவரிக்கப்பட்டதுதான்.

பார்பரின் ஸ்கிரீட் எந்தச் சட்டத்தின் மேலும் ஓடாது. நீண்ட இரு கைகளால் பேவரின் முன்பகுதியான டிராக்டரோடு இணைந்து, தான் விரிக்கும் கலவையின் மேலேயே தாங்கப்பட்டு வரும். ஸ்கிரீட்டின் எடை கீழே அழுத்துகிறது. கலவை மேலே தாங்குகிறது. டிராக்டர் முன்னே இழுக்கிறது. முன்னால் குவிந்த கலவை எதிர்க்கிறது. இந்த விசைகள் சமமாகும் உயரத்தில் ஸ்கிரீட் நிலைகொள்ளும். கைகளின் நீளத்தால், டிராக்டர் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் ஸ்கிரீட் உடனே பின்தொடராது. மெல்ல மெல்லத்தான் உயரம் மாறும். அதனால்தான் மேடுபள்ளமான அடித்தளத்தின் மேலும் சீரான பரப்பு கிடைக்கிறது. பார்பர் இதோடு டேம்பர் என்ற இடிகட்டையையும் சேர்த்தார். ஸ்கிரீட்டுக்கு முன்னால் மேலும் கீழும் இடித்துச் செல்லும் இந்தக் கட்டை, தகட்டுக்கு அடியில் நுழையும் கலவையை ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தது. செறிவு சீராக இருந்தால்தான் தாங்கும் விசை சீராக இருக்கும். தாங்கும் விசை சீராக இருந்தால்தான் உயரம் மாறாது. ஆக, இடியும் அதிர்வும் வெறும் இறுக்கும் வேலைக்கு வந்தவை அல்ல. பிறந்த நாளிலிருந்தே அவை மட்டத்தைக் காக்கும் வேலையிலும் பங்குள்ளவை.

பிற்காலத்தில் அமெரிக்க இயந்திரங்களில் டேம்பர் மெல்ல ஒதுங்கி, தகட்டையே அதிரவைக்கும் முறை மேலோங்கியது. ஐரோப்பியர்கள் டேம்பரை விடாமல் அதிர்வையும் சேர்த்துக்கொண்டார்கள். அதிர்வு பிறப்பது சுழலும் தண்டில் ஒருபுறம் கனமாகப் பொருத்திய எடைகளால். தண்டின் வேகத்தை மாற்றினால் நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்பது மாறும். எடைகளின் நிலையை மாற்றினால் ஒவ்வொரு அதிர்வின் வீச்சும் மாறும். நிமிடத்துக்கு 3,000 அதிர்வு, பேவரின் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றால், சாலையின் ஒவ்வொரு 2 மில்லிமீட்டருக்கும் ஓர் அடி விழும். லாரிகள் வரிசையில் காத்திருக்கின்றன என்று வேகத்தை 12 மீட்டராக்கினால் அடிகளின் இடைவெளி 4 மில்லிமீட்டராகிவிடும். ஒரே சாலையில் இரு வேறு செறிவுகள் உருவாகும். தடிமன் குறைந்த படுகையில் வீச்சை அதிகமாக வைத்தால் ஜல்லி உடையும். தார் மேலே கசிந்து பளபளக்கும் திட்டுகள் தோன்றும். தடித்த படுகையில் வீச்சைக் குறைத்தால் அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். லாரிக்காக பேவர் நிற்கும்போது அதிர்வு ஓடிக்கொண்டிருந்தால் ஸ்கிரீட் அங்கேயே அமிழ்ந்து தடம் பதிக்கும். பேவர் நின்றவுடன் அதிர்வும் தானே நிற்கும் ஏற்பாடு பின்னர் வந்தது இதனால்தான்.

பின்னால் ரோலர் வருகிறதே, இறுக்குவது அதன் வேலைதானே, ஸ்கிரீட்டின் அதிர்வுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, இறுதிச் செறிவைத் தருவது ரோலர்தான். ஆனால் அடித்தளம் எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. தளர்ந்த நிலையில் பொதுவாக 5 சென்டிமீட்டர் தடிமனும், பள்ளம் உள்ள இடத்தில் 7 சென்டிமீட்டரும் விரிக்கப்பட்டதாகக் கொள்வோம். ரோலரின் கீழ் கலவை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் பொது இடம் 10 மில்லிமீட்டரும் பள்ளமான இடம் 14 மில்லிமீட்டரும் அமிழும். மூடிய பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் மறுபடி மேலே தெரியும். ஸ்கிரீட்டே நன்றாக இறுக்கி, ரோலருக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிச்சம் வைத்தால் அந்தப் பள்ளம் 2 மில்லிமீட்டராகக் குறையும். ஸ்கிரீட் செய்யாமல் விட்டதை ரோலர் ஈடுகட்டும்போது செறிவு கிடைக்கலாம். ஆனால் மட்டம் கெடும்.

அப்படியானால் கூடுதல் அதிர்வே நல்லது என்று ஆகிவிடாதா? ஜெர்மானியர்களின் அனுபவத்தைக் காட்டி இப்படி வாதிடுவோரும் உண்டு. 1836-ல் மன்ஹைமில் தொடங்கிய ஃபோகலே போன்ற நிறுவனங்கள் டேம்பர், அதிர்வு இவற்றோடு, பின்விளிம்பில் ஹைட்ராலிக் துடிப்பால் அழுத்தும் பட்டைகளையும் சேர்த்து மிகுந்த செறிவு தரும் ஸ்கிரீட்டுகளை உருவாக்கின. அதற்குத் தக்க காரணம் இருந்தது. அங்கே தடித்த அடிப்படுகைகள் போடுவது வழக்கம். கீழ்ப் படுகை சூடாக இருக்கும்போதே மேற்படுகையை விரிக்கும் முறையில், இரண்டாவது பேவர் ரோலர் படாத கீழ்ப் படுகையின் மேலேயே ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த உற்பத்தியாளர்களே டேம்பரின் வீச்சை மாற்றும் வசதியை வைத்தார்கள். மெல்லிய மேற்படுகைக்குச் சிறிய வீச்சு, தடித்த அடிப்படுகைக்குப் பெரிய வீச்சு என்று பிரித்தார்கள். மிகுந்த ஆற்றலை உருவாக்கியவர்களே அதை அடக்கி ஆளும் வழியையும் உடன் செய்தார்கள் என்பது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து வருகிறது. சென்சார்கள் மட்டத்தைப் பார்த்து ஸ்கிரீட்டின் கைகள் டிராக்டரோடு இணையும் இழுவைப் புள்ளியை ஏற்றி இறக்கும்போது, இயக்குபவர் அதிர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா? இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சென்சார் பார்ப்பது மேற்பரப்பின் உயரத்தை மட்டுமே. டேம்பரின் வேகத்தைக் கூட்டினால் கலவை கூடுதலாகத் தாங்கி ஸ்கிரீட் மேலேறப் பார்க்கும். உடனே தானியங்கி அதைக் கீழிறக்கிச் சரிசெய்துவிடும். கையால் இயக்கிய காலத்தில் உயரம் மாறியதைக் கண்டு, என்ன தவறு என்று இயக்குபவர் தேடியிருப்பார். இப்போது மட்டம் சரியாகவே தெரியும். செறிவு மட்டும் இடத்துக்கு இடம் மாறிக் கிடக்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகு, காற்றிடைவெளி மிகுந்த இடங்களில் நீர் புகுந்து ஜல்லி பெயரும்போதுதான் அந்தத் தவறு வெளியே வரும். தானியங்கி வந்த பிறகு அதிர்வைக் கவனிக்கும் பொறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

தேவையான அளவு அதிர்வு, அது கடைசி மீட்டர் வரை மாறாமல் இருக்கும்படி சீரான வேகம்: பார்பரின் காலத்திலிருந்து நல்ல சாலைகளைத் தந்தவை இவை இரண்டுமே. நம் நாட்டு நெடுஞ்சாலைகளும் இன்று மிதக்கும் ஸ்கிரீட்டால்தான் போடப்படுகின்றன. கலவையின் சூட்டையும் ரோலர் எத்தனை முறை போனது என்பதையும் பதிவேட்டில் எழுதும் பொறியாளர்கள், அன்றைய அதிர்வின் அளவையும் பேவரின் வேகத்தையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். ஸ்கிரீட் இயக்குபவருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று காட்டுவதோடு நிறுத்தாமல், ஏன் அந்த அளவு என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை; அவற்றைச் செய்யாமல் விடுவதன் செலவை ஒட்டுப்போட்ட சாலைகளில் நாம் எல்லோரும் சேர்ந்தே கட்டிக்கொண்டிருக்கிறோம்.