இலக்கியம் பயின்றவர் நட்ட வேதிப்பொறியியல்

'ஏ.சி. டெக்' என்றால் குளிர்சாதன நுட்பக் கல்லூரியா என்று திருவையாற்றில் எங்களைக் கேட்போருண்டு. அது அழகப்பச் செட்டியாரின் பெயர். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயின்ற அவரது கொடையால், உலகப் போர் ஓயாத 1944இல், சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் வேதிப்பொறியியல் கற்பிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே நெசவுத் தொழில்நுட்பமும் தோல் தொழில்நுட்பமும் துறைகளாயின. இலக்கிய மாணவர்களாகிய நாம் சற்றே பெருமைப்படலாம்!

சாயத்தையும் சுண்ணாம்பையும் கைப்பழக்கத்தால் அறிந்தவர்களின் தொழில்கள் பட்டப்படிப்பாயின, பாடமோ ஆங்கிலத்தில். எங்கள் ஊர் அரசர் கல்லூரியிலேயே வடமொழிக்குப் பின்னர்தான் தமிழ் நுழைந்தது என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. 1978இல் அழகப்பர் கல்லூரி, பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைந்தது. 2010இல் அங்கே தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் இடம்பெற்றன, வேதிப்பொறியியல் இடம்பெறவில்லை.