இயக்குநர் குழுவில் பெண்: நியமிக்கும் கை யாருடையது?

திருச்சி திருவெறும்பூரில் உள்ள பெல் கொதிகலன் ஆலையில் ஷிப்டு விடும் நேரம், கழுத்தில் அடையாள அட்டையோடு வெளிவரும் கூட்டத்தில் பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஆலையை நடத்தும் நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் இயக்குநர்களை நியமிப்பதோ குடியரசுத் தலைவர் பெயரில் ஒன்றிய அரசு. பெண் இயக்குநரைச் சட்டம் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதே சரி. பிறரைக் கட்டாயப்படுத்தும் அரசு இங்கே தானே முதலாளி.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149ஆம் பிரிவும் அதன் விதிகளும், பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களிலும், 100 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனமோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உள்ள பிற பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்கின்றன. பல குடும்ப நிறுவனங்கள் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர்செய்தன. அதன் பிறகே பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பட்டியலிடப்பட்ட முன்னணி 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும், சார்பற்ற பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. மகளாகப் பிறந்தாலும் இடம் உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முருகப்பா குழுமத்தின் அம்பாடி முதலீட்டு நிறுவனத்தில் இயக்குநர் பதவி கேட்ட வள்ளி அருணாசலத்தை 2020இல் பங்குதாரர்கள் வாக்களித்து மறுத்தார்கள். அது பட்டியலிடப்படாத நிறுவனம்.

கட்டாயம் வந்தால் தகுதி கெடும் என்பது பழைய மறுப்பு. இயக்குநர் குழுவில் பெண்களுக்கு 40 சதவீதம் என்று 2003இல் சட்டமாக்கிய நார்வேயில் நிறுவன மதிப்பு சரிந்தது என ஆய்வாளர்கள் ஆஹெர்ன், டிட்மார் இருவரும் 2012இல் எழுதினார்கள். பின்வந்த மறு ஆய்வு அந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பெண்களின் இரவு வேலையைத் தடுத்த, தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவின் விதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில்தான் செல்லாததாக்கியது. உற்பத்திப் பிரிவில் ஷிப்டு பார்த்தவர்தான் பின்னாளில் ஆலைப் பொறுப்புக்கு வருகிறார். அந்த முதல் படியைச் சட்டமே அடைத்து வைத்துவிட்டு, இன்று தகுதியான பெண் கிடைக்கவில்லை என்பது நியாயமல்ல.

சட்டக் கட்டாயம் பலன் தரும் என்பதற்குத் திருச்சியே ஒரு சான்று தருகிறது. மாநகராட்சி மேயராக 1996இல் புனிதவல்லி பழனியாண்டி, 2001இல் சாருபாலா தொண்டைமான், 2011இல் ஜெயா வந்தார்கள். பெண் மேயர் என்பது ஊருக்கு ஒரு செய்தியாகவே இல்லாமல் போயிற்று. அது ஒற்றை நாற்காலியால் நடந்ததல்ல. வார்டு வார்டாக, மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் வைத்ததால் நடந்தது. இயக்குநர் குழுவிலும் அப்படித்தான்: பன்னிரண்டு பேர் மேசையில் ஒரே பெண் இருந்தால், அவர் கருத்து ‘பெண்களின் கருத்து’ ஆகிவிடுகிறது. நால்வர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே வேறுபட முடியும்.

ஆகவே மூன்றில் ஒரு பங்கு வேண்டும். அதை அரசு தன் நிறுவனங்களில் முதலில் செய்ய வேண்டும். நார்வே 2004இல் அரசு நிறுவனங்களில்தான் தொடங்கியது. இங்கே நிலைமை தலைகீழ். 2023இல் இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களுக்கு இயக்குநர் குழு விதிகளை நிறைவேற்றாததற்காகப் பங்குச்சந்தைகள் அபராதம் விதித்தன. நியமன அதிகாரம் எங்களிடம் இல்லை என்றன நிறுவனங்கள். உண்மைதான். அபராதம் நிறுவனத்தின் பணத்திலிருந்து போகிறது. நியமனக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அமைச்சகத்துக்கு ஒரு வலியும் இல்லை. இயக்குநர் இடம் காலியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிரப்பாவிட்டால், காரணத்தை அந்த அமைச்சகமே நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தலாம்.