சாயம் பூசிய விரல்கள்

கலைக்கு நிறமில்லை என்பர். ஏட்டிலே எழுத இனிய வாசகம்! ஆனால், அமெரிக்க நாட்டிலே பேசும்படத்தின் தொடக்க நாட்களில் எடுக்கப்பட்ட இசைக் குறும்படங்களை நாம் காண்போமானால், கலைஞனுக்கு நிறமுண்டு, அந்த நிறத்துக்கு வேலியுமுண்டு என்பதை உணர்வோம்.

முழுநீளப் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கென, இருபது நிமிடத்துக்குள் அடங்கும் இசைப்படங்களை அந்நாட்டுப் படநிறுவனங்கள் எடுத்தன. பத்துப் பதினைந்து பேர் கூடி முழங்கும் ஜாஸ் குழுக்கள் அவற்றிலே தோன்றின. அக்குழுத் தலைவர்களுள் முன்வரிசையில் நின்றவர் ட்யூக் எல்லிங்டன். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே, காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் 1927 முதல் அவர் குழு இசைத்தது. மேடையிலே கறுப்பர், மேசையிலே வெள்ளையர். ஆடலாம், பாடலாம், அமர்ந்து கேட்க மட்டும் ஆகாது! கலை வேண்டும், கலைஞனின் இனம் வேண்டாம்! இதற்குப் பெயர் இரசனையா?

1929இல் டட்லி மர்ஃபி இயக்கிய 'பிளாக் அண்ட் டான்' படத்தில் எல்லிங்டன் இசை படைக்கும் கலைஞராகவே தோன்றினார். ஆயினும், அவருடைய பியானோவைத் தூக்கிச் செல்ல வரும் கறுப்பர் இருவரை, எழுத்தறியாதவராகவும் மதுவுக்கு மயங்குபவராகவும் காட்டிச் சிரிப்பு மூட்டினர். அடுத்த ஆண்டு வந்த 'செக் அண்ட் டபுள் செக்' என்னும் முழுநீளப் படத்திலோ, கொடுமை முகத்திலேயே ஏறியது. எல்லிங்டன் குழுவின் வான் டிசோல், பார்னி பிகார்ட் இருவரும் வெளிர்நிறத்தவர். வெள்ளையரும் கறுப்பரும் கலந்திருப்பதாகத் திரையிலே தோன்றிவிடுமோ என அஞ்சி, அவ்விருவருக்கும் கருமை பூசினர்!

1935இல் ஃப்ரெட் வாலர் இயக்கிய 'சிம்ஃபனி இன் பிளாக்' சற்றே நிமிர்ந்து நின்றது. உழைப்பு, காதல் துயர், சாவின் சோகம், ஹார்லெமின் ஆட்டம் என நான்கு பகுதிகளிலே கறுப்பின மக்களின் வாழ்வை எல்லிங்டன் இசையாக்கினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பில்லி ஹாலிடே, காதலனால் தெருவிலே தள்ளப்பட்ட பெண்ணாகப் பாடினார். கோமாளிக் கூத்துக்கு அங்கே இடமில்லை.

வேலி சாய்ந்ததா? இல்லை. 1944இல் நிழற்படக் கலைஞர் ஜான் மிலி, 'ஜாமின் தி ப்ளூஸ்' என்னும் பத்து நிமிடப் படத்தை எடுத்தார். கவுண்ட் பேஸியின் குழுவிலே புகழ்பெற்ற லெஸ்டர் யங் அதில் இசைத்தார். கிதார் மீட்டிய பார்னி கெஸல் ஒருவரே வெள்ளையர். அவரை இருளிலே நிறுத்தினர். விரல்களை அருகில் காட்ட நேர்ந்தபோது, பழச்சாறு பூசிக் கருக்கினர்! அந்தப் படமே ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கண்ணை மூடிக் கேட்டால், கருவிரல் எது, வெண்விரல் எது? செவி அறியாத வேற்றுமையைக் கண்ணுக்குக் கற்பிக்க, அன்று முகத்துக்கு மை, பின்பு விரலுக்குப் பழச்சாறு! இயற்கை வகுத்த பிரிவு அதுவென்றால், சாயம் எதற்கு? நிழல் எதற்கு? மனிதன் பூசியதை மனிதனே கழுவ முடியும். அந்தச் சின்னஞ்சிறு படங்கள் இன்றும் நமக்கு உரைக்கும் பேருண்மை இதுவே!