நனைந்த நாயும் கஞ்சா எலியும்

கஞ்சாவை நிறுத்தினால் உடம்புக்கு ஒன்றுமே செய்யாது என்று நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான். குடியை விட்டவனுக்குக் கை நடுங்கும், அபினை விட்டவனுக்கு வயிற்றைப் பிடுங்கும், இதற்கு அதெல்லாம் கிடையாதாம். இந்த நம்பிக்கை இன்று நேற்று வந்ததல்ல.

1893-ல் வெள்ளைக்கார அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. சென்னை மாகாணம் உட்பட நாடு முழுக்க 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். கல்கத்தாவில் கன்னிங்காம் என்ற மருத்துவர் ஒரு குரங்குக்கு மாதக்கணக்கில் கஞ்சாப் புகை கொடுத்து, பிறகு அதன் மூளையைச் சோதித்தார். பாவம் குரங்கு! அளவோடு எடுத்தால் பெரிய கெடுதல் இல்லை என்றது 1894 அறிக்கை. அவர்களுக்கு இருந்த பெரிய கவலை, பைத்தியம் பிடிக்குமா என்பதுதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவ்வளவாக யாரையும் உறுத்தவில்லை.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-ல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அதை விலங்குகளுக்குக் கொடுத்து நிறுத்திப் பார்த்தபோது, அபினை நிறுத்தினால் தெரிகிற மாதிரி பளிச்சென்று எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. டி.எச்.சி. கொழுப்பில் போய்த் தங்கிவிடும். கோடையில் கண்மாய் வற்றுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்பை விட்டுப் போகும். எனவே உடம்புக்குத் திடீர் அதிர்ச்சி இல்லை.

மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பியின் மரபணுவை 1990-ல் கண்டுபிடித்தார்கள். (அதே ஏற்பியில் ஒட்டும், நம் மூளையே சுரக்கும் ஒரு பொருள் 1992-ல் கிடைத்தது. அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. நம்ம ஊர் 'ஆனந்தம்' தான்!) 1994-ல் அந்த ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து வந்தது. அடுத்த வருஷமே சோதனை. எலிகளுக்குச் சில நாள் தொடர்ந்து டி.எச்.சி. ஏற்றிவிட்டு ரிமோனபன்ட்டைக் கொடுத்தார்கள். எலிகள் முகத்தைத் தேய்த்துக்கொண்டன, உடம்பைச் சிலுப்பின. கண்மாயில் இறங்கிக் கரையேறிய நாய் உதறுமே, அதே உதறல். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இதற்கு 'நனைந்த நாய் உதறல்' என்றுதான் பெயர்.

ரிமோனபன்ட் பின்னால் 2006-ல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்கு மருந்தாக வந்தது. மனச்சோர்வு உண்டாக்குகிறது என்று 2008-ல் நிறுத்தப்பட்டது தனிக் கதை.

இதையெல்லாம் சொன்னால் நண்பன் மடக்கினான்: "எலிக்கு ஏற்பியை அடைச்சீங்க, மனுஷனுக்கு யாருடா அடைக்கிறா?" நல்ல கேள்விதான். எலிக்கு நடந்தது வலிய வரவழைத்தது. ஆனால் ரொம்ப நாள், அதிகமாக எடுத்துவிட்டு நிறுத்தும் மனிதர்களில் பலருக்கு முதல் சில நாட்களிலேயே எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் வரும். ஓரிரு வாரம் இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இதை ஒரு நோய்நிலையாகவே சேர்த்துக்கொண்டது.